வழக்குரைஞரும் நலன் முரணும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழிலுக்குப் புதிதாக வந்தவர்களும் தனியாக அலுவலகம் நடத்துபவர்களும் நலன் முரண் பற்றி ஏறக்குறைய ஒரே ஐயங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். விதிகளின் வாசகம் நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே ஒரு விதியையோ தீர்ப்பையோ குறிப்பிடும்போது அது எந்த நாட்டுக்கு உரியது என்பதையும் சொல்லியிருக்கிறேன்.

1. நான் யாருக்கும் துரோகம் செய்யப் போவதில்லை. பிறகு எனக்கு எப்படி நலன் முரண் வரும்?

துரோகம் நடந்த பிறகு எழுவது ஒழுங்கு நடவடிக்கை. நலன் முரண் அதற்கு வெகு முன்பே, யாரும் எந்தத் தவறும் செய்யாத கட்டத்திலேயே தோன்றிவிடுகிறது. ஒரு கட்சிக்காரருக்குச் செய்ய வேண்டிய வேலையை, இன்னொரு கட்சிக்காரருக்கோ, பழைய கட்சிக்காரருக்கோ, வெளியாருக்கோ நாம் பட்டிருக்கும் கடமையோ, நம்முடைய சொந்த நலனோ குறுக்கிவிடக் கணிசமான வாய்ப்பு இருந்தாலே முரண் உண்டு.

இதன் பாதிப்பு பெரும்பாலும் செய்யாமல் விட்டவற்றில்தான் இருக்கும்: கேட்காமல் விட்ட ஒரு குறுக்கு விசாரணைக் கேள்வி, சேர்க்காமல் விட்ட ஓர் எதிர்மனுதாரர், ஒப்பந்தத்தில் வலியுறுத்தாமல் விட்ட ஒரு நிபந்தனை. ஏன் விட்டோம் என்பது வழக்குரைஞருக்கே தெளிவாகத் தெரிவதில்லை. கட்சிக்காரருக்கோ அப்படி ஒன்று விடப்பட்டதே தெரியாது. ஒருவருடைய மனத்துக்குள் புகுந்து நேர்மையை அளக்க எந்த நீதிமன்றத்தாலும் இயலாது என்பதால்தான் விதிகள் அந்த நிலைமையையே தடுக்கின்றன.

2. முரண் இருக்கிறதா என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

இரண்டு கேள்விகளை நமக்கு நாமே கேட்டுக்கொண்டால் பெரும்பாலான முரண்கள் வெளிப்பட்டுவிடும். இந்தக் கட்சிக்காரருக்கு மிகச் சிறந்த வாதம் எதுவோ, அதை முன்வைத்தால் நான் கடமைப்பட்ட வேறு யாருக்காவது கெடுதல் வருமா? இவருக்கு நான் சொல்ல வேண்டிய ஏதாவது ஒன்றை, வேறொருவரின் இரகசியம் என்பதால் சொல்ல முடியாமல் இருக்கிறதா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்பது பதிலானால், மேலே போவதற்கு முன் நின்று யோசிக்க வேண்டும்.

தயக்கமும் ஓர் அடையாளமே. இந்த வழக்கை நான் எடுத்தது இன்னாருக்குத் தெரிய வேண்டாம் என்ற எண்ணம் மனத்தில் எழுந்தால், அந்த இன்னாருக்கு நாம் ஏதோ ஒரு கடமை பட்டிருக்கிறோம் என்று பொருள்.

3. வழக்கை எடுக்கும் முன் என்ன சரிபார்க்க வேண்டும்? தனியாகத் தொழில் செய்பவனுக்குப் பதிவேடு எல்லாம் தேவையா?

தேவை. பெரிய நிறுவனங்களில் இதற்கெனத் தனி மென்பொருள் இருக்கும். தனியாக இருப்பவருக்கு ஒரு கணினி அட்டவணையோ, அகர வரிசையில் எழுதிய ஒரு குறிப்பேடோ போதும். ஆனால் கட்சிக்காரரின் பெயரை மட்டும் எழுதி வைத்தால் பயனில்லை. எதிர்த்தரப்பினர், இரு தரப்பு நிறுவனங்களின் இயக்குநர்கள், பங்குதாரர்கள், வழக்கின் முடிவால் பாதிக்கப்படக்கூடிய நெருங்கிய உறவினர், முக்கியச் சாட்சிகள், கட்டணம் செலுத்துபவர் ஆகிய அனைவரின் பெயரும் அதில் இருக்க வேண்டும். ஆலோசனை மட்டும் கேட்டுச் சென்றவர்களையும், நாம் மறுத்துவிட்ட வழக்குகளையும் சேர்த்தே எழுத வேண்டும். பெயர்களை எழுதும் முறை மாறக்கூடும் என்பதால், தலைப்பெழுத்து, தந்தை பெயர், நிறுவனத்தின் முந்தைய பெயர் ஆகியவற்றைக் கொண்டும் தேட வேண்டும்.

வரிசைதான் இதில் முக்கியம். முதலில் பெயர்களை மட்டும் கேட்டுக்கொண்டு, பதிவேட்டைப் பார்த்த பிறகே விவரத்தைக் கேட்க வேண்டும். விவரம் முழுவதையும் கேட்டுவிட்டுப் பதிவேட்டைத் திறப்பவர், முரண் இருப்பதைக் கண்டறியும்போதே அதில் சிக்கியும் இருப்பார். ஒரு முறை பார்த்ததோடு வேலை முடிவதும் இல்லை. புதிய எதிர்மனுதாரர் சேர்க்கப்படும்போதும், புதிய சாட்சிப் பட்டியல் வரும்போதும், ஒரு நிறுவனம் வேறொன்றோடு இணையும்போதும் மீண்டும் பார்க்க வேண்டும். பார்த்த தேதியைக் கேஸ் கட்டிலேயே குறித்து வைப்பது பின்னால் பெரிதும் உதவும்.

4. ஒருவர் வந்து அரை மணி நேரம் எல்லாவற்றையும் சொன்னார். ஆனால் வழக்கை எனக்குத் தரவில்லை. இப்போது எதிர்த்தரப்பு வந்து நிற்கிறது. எடுக்கலாமா?

வக்காலத்தில் கையெழுத்து இல்லை, கட்டணமும் வாங்கவில்லை என்பதால் கடமை இல்லை என்று ஆகிவிடாது. வழக்குரைஞர் என்ற நம்பிக்கையில் அவர் சொன்னதைக் காக்கும் கடமை, அவர் சொன்ன அந்த நேரத்திலேயே தொடங்கிவிடுகிறது. இந்திய வழக்குரைஞர் கழகத்தின் நடத்தை விதிகளில் 33ஆம் விதி, ஒரு வழக்கைத் தொடுப்பது குறித்து எப்போதாவது ஆலோசனை சொன்னவரும், வழக்குரைகளை எழுதிக் கொடுத்தவரும், ஒரு தரப்புக்காகச் செயல்பட்டவரும் எதிர்த்தரப்புக்காக முன்னிலையாகக் கூடாது என்கிறது. ஆலோசனை என்ற சொல்லே அங்கே இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

அமெரிக்க வழக்குரைஞர் சங்கத்தின் மாதிரி விதிகள் (1983இல் ஏற்கப்பட்டவை) வருங்காலக் கட்சிக்காரர்களுக்கென 1.18 என்ற தனி விதியையே வைத்திருக்கின்றன. அதன்படி, அவருக்குக் கணிசமாகக் கெடுதல் செய்யக்கூடிய தகவல் நம்மிடம் வந்திருந்தால், அதே வழக்கிலோ அதோடு கணிசமான தொடர்புள்ள வழக்கிலோ அவருக்கு எதிராக நிற்க முடியாது. முந்தைய பதிலில் சொன்ன, பெயரை முதலில் கேட்கும் வழக்கம் இந்தச் சிக்கலைத் தொடக்கத்திலேயே தவிர்த்துவிடும்.

5. என் இப்போதைய கட்சிக்காரருக்கு எதிராக, முற்றிலும் வேறொரு விஷயத்தில் வழக்குத் தொடரக் கூடாதா? இரண்டுக்கும் தொடர்பே இல்லையே?

தொடர்பு இல்லை என்பது இரகசியம் பற்றிய கவலையைத் தீர்க்கலாம். விசுவாசம் பற்றிய கவலையைத் தீர்க்காது. காலையில் நம்மை நம்பிப் பேசியவர், மாலையில் நாமே அனுப்பிய வழக்கு அறிவிப்பைப் பெற்றால், அடுத்த முறை நம்மிடம் எதையும் மனம் திறந்து சொல்வாரா? கனடா உச்ச நீதிமன்றம் 2002இல் ஒரு குற்ற மேல்முறையீட்டில் இதைத் தெளிவான எல்லைக்கோடாக வகுத்தது: ஒரு கட்சிக்காரரின் உடனடி நலனுக்கு நேர் எதிராக மற்றொருவருக்காகச் செயல்படக் கூடாது, இரு விஷயங்களும் தொடர்பற்றவையாக இருந்தாலும் கூடாது, முழுமையாகத் தெரிவித்து இருவரின் ஒப்புதலையும் பெற்று, இருவருக்கும் குறையின்றி வேலை செய்ய முடியும் என்று வழக்குரைஞரும் நியாயமாக நம்பினால் மட்டுமே விலக்கு.

6. கட்சிக்காரரே பரவாயில்லை என்று சொல்லிவிட்டாரே, இனி என்ன தடை?

அவர் எதைத் தெரிந்துகொண்டு பரவாயில்லை என்றார் என்பதைப் பொறுத்தது. நான் அவர்களுக்கும் சில வேலைகள் செய்திருக்கிறேன், உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே என்று கேட்டு வாங்கும் தலையசைப்பு ஒப்புதல் ஆகாது. முரண் எங்கே இருக்கிறது, அதனால் எந்த வாதத்தையோ உத்தியையோ என்னால் முழு வேகத்தில் எடுக்க முடியாமல் போகலாம், பின்னால் நான் விலக நேர்ந்தால் உங்களுக்கு ஆகும் செலவும் தாமதமும் என்ன, வேறு வழக்குரைஞரை அமர்த்தினால் என்ன நன்மை என்பதையெல்லாம் அவருக்குப் புரியும் சொற்களில் சொல்லி, யோசிக்க அவகாசமும் கொடுத்து, எழுத்தில் பெற வேண்டும். வேறொரு வழக்குரைஞரிடம் இதைக் காட்டிக் கேளுங்கள் என்று சொல்வது நல்ல பழக்கம். மனக்கசப்பு வருமோ என்று அஞ்சி இதைத் தவிர்ப்பவர்கள் உண்டு; ஆனால் இப்படி வெளிப்படையாகப் பேசும் வழக்குரைஞர் மீது கட்சிக்காரர்களுக்கு மதிப்பு கூடுவதையே நான் கண்டிருக்கிறேன்.

இதில் ஒரு முட்டுச்சந்து உண்டு. ஒருவருக்கு முழுமையாகத் தெரிவிக்க வேண்டுமானால் மற்றவரின் இரகசியத்தை வெளியிட்டாக வேண்டும் என்ற நிலை வந்து, அந்த மற்றவர் அனுமதி தராவிட்டால், ஒப்புதல் கேட்கவே வழியில்லை. அப்போது வழக்கை மறுப்பது ஒன்றுதான் வழி. மறுக்கும்போது காரணத்தைச் சொல்வதே இரகசியத்தை உடைத்துவிடக்கூடும் என்பதால், தொழில்முறைக் காரணங்களால் ஏற்க இயலவில்லை என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லக் கூடாது.

7. ஒப்புதல் வாங்கினாலும் செல்லாத இடங்கள் உண்டா?

உண்டு. ஒரே வழக்கில் ஒருவருக்கு எதிராக ஒருவர் பரிகாரம் கேட்கும் இருவருக்கும் ஒரே வழக்குரைஞர் நிற்க முடியாது. அமெரிக்க மாதிரி விதி 1.7 இதை ஒப்புதலுக்கு அப்பாற்பட்டதாக வைக்கிறது. இங்கிலாந்து, வேல்ஸில் கட்சிக்காரர்களுக்கு நேரடியாக ஆலோசனை சொல்லி, ஆவணங்களைத் தயாரிக்கும் வழக்குரைஞர்களான சொலிசிட்டர்களுக்கான 2019ஆம் ஆண்டு நடத்தை விதிகளில், வழக்குரைஞரின் சொந்த நலனே முரண்படும்போது ஒப்புதல் என்ற விலக்கே கிடையாது. நான்காம் பதிலில் குறிப்பிட்ட இந்திய விதி 33இன் வாசகத்திலும் ஒப்புதலுக்கு இடமளிக்கும் சொல் எதுவும் இல்லை.

8. நிலம் விற்பவரும் வாங்குபவரும் இருவருமே எனக்கு வேண்டியவர்கள். இருவரும் நீங்களே பத்திரம் எழுதிக் கொடுங்கள் என்கிறார்கள். சண்டையே இல்லாத இடத்தில் முரண் எங்கே?

விலை, கால அவகாசம், வில்லங்கப் பொறுப்பு, முன்பணம் திரும்பக் கிடைக்கும் நிபந்தனை என ஒவ்வொரு வரியிலும் ஒருவருக்குச் சாதகமானது மற்றவருக்குப் பாதகம். இன்று சண்டை இல்லை என்பது உண்மை. ஆனால் வழக்குரைஞரை அமர்த்துவதே நாளை வரக்கூடிய சண்டையை மனத்தில் வைத்துத்தானே?

2005இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை (அப்போது அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம்) தீர்த்த ஒரு வழக்கை இதற்காக ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். சொலிசிட்டர் நிறுவனம் ஒன்று விற்பவருக்கும் வாங்குபவருக்கும் சேர்ந்தே வேலை செய்தது. வாங்குபவர் முன்பு நொடித்துப் போனவர், மோசடிக் குற்றத்துக்காகச் சிறை சென்றவர் என்பது நிறுவனத்துக்குத் தெரியும், விற்பவருக்குச் சொல்லவில்லை. வாங்குபவர் செலுத்த வேண்டிய முன்பணமும் நிறுவனத்தின் பக்கமிருந்தே வந்திருந்தது. கிரயம் முறிந்து விற்பவர் பெரும் இழப்புக்கு ஆளானார். வாங்குபவரின் இரகசியத்தைக் காக்கும் கடமை எங்களுக்கு இருந்தது, அதனால்தான் சொல்லவில்லை என்பது நிறுவனத்தின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒன்றுக்கொன்று பொருந்தாத இரு கடமைகளைத் தானே தலையில் ஏற்றிக்கொண்டவர், ஒன்றைக் காட்டி மற்றொன்றிலிருந்து தப்ப முடியாது என்று கூறி, நிறுவனத்தையே பொறுப்பாக்கியது.

ஆகவே, ஒருவருக்கு மட்டும் வழக்குரைஞராக இருங்கள். மற்றவரிடம், நான் உங்களுக்காகச் செயல்படவில்லை, நீங்கள் தனியாக ஆலோசனை பெறுங்கள் என்று எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

9. மனமொத்துப் பிரியும் தம்பதிக்கு ஒரே வழக்குரைஞர் போதாதா? இரட்டைச் செலவு எதற்கு?

செலவு பற்றிய கவலை நியாயமானது. அதைத் தள்ளிவிட முடியாது. இருந்தும், பிரிய வேண்டும் என்பதில் ஒத்துப்போனவர்கள், சொத்து, பராமரிப்புத் தொகை, குழந்தைகள் ஆகியவற்றில் ஒத்துப்போனார்களா என்பது வேறு கேள்வி. வீட்டில் ஒருவர் குரலே எப்போதும் ஓங்கி ஒலித்திருந்தால், மற்றவர் சம்மதித்தாரா, பணிந்தாரா என்று கண்டறிய அவருக்கென ஒருவர் வேண்டும். முந்தைய பதிலில் சொன்ன வழியே இதற்கும் பொருந்தும்.

10. ஒரே குற்ற வழக்கில் அண்ணன், தம்பி இருவரும் குற்றஞ்சாட்டப்பட்டிருக்கிறார்கள். ஒரே தரப்பு வாதம்தான். இருவருக்கும் நிற்கலாமே?

தொடக்கத்தில் ஒரே வாதமாகத்தான் இருக்கும். பிறகு ஒருவருக்கு மட்டும் ஜாமீன் கிடைக்கும். ஒருவரிடம் மட்டும் பொருள் கைப்பற்றப்பட்டிருக்கும். ஒருவர் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறினால் மன்னிப்பு என்ற பேச்சு வரும். அந்த வாய்ப்பை ஒருவருக்கு எடுத்துச் சொல்வது மற்றவருக்குக் கெடுதல்; சொல்லாமல் விடுவது இவருக்குத் துரோகம். தண்டனையின் அளவைப் பற்றி வாதிடும்போதும், இவரின் பங்கு சிறியது என்று சொன்னால் மற்றவரின் பங்கு பெரியது என்றே கேட்கும்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978இல் தீர்த்த ஒரு வழக்கில், மூன்று பேருக்கு அரசால் அமர்த்தப்பட்ட ஒரே வழக்குரைஞர், எனக்கு முரண் இருக்கிறது, தனித்தனி வழக்குரைஞர்களை நியமியுங்கள் என்று விசாரணைக்கு முன்பே கேட்டார், கீழ்நீதிமன்றம் மறுத்துவிட்டது. மூவரும் சாட்சிக் கூண்டேற விரும்பியபோது, ஒவ்வொருவரும் தன்னிடம் இரகசியமாகச் சொன்னவற்றை அறிந்திருந்த அவரால் ஒருவரையும் முறையாக விசாரிக்க முடியவில்லை. உச்ச நீதிமன்றம் தண்டனைகளை இரத்து செய்தது. என் கருத்தில், குற்ற வழக்கில் கூட்டாக நிற்பதை மறுப்பதையே வழக்கமாகக் கொள்ள வேண்டும். ஒருவரின் சுதந்திரம் பணயமாக இருக்கும் இடத்தில் வசதியைப் பார்க்கக் கூடாது.

11. பழைய கட்சிக்காரருக்கு எதிராக வழக்கு எடுக்க எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும்?

ஆண்டுக் கணக்கு இல்லை. அதே வழக்கிலோ கணிசமான தொடர்புள்ள வழக்கிலோ எத்தனை ஆண்டு கழிந்தாலும் எதிராக நிற்கக் கூடாது. தொடர்பே இல்லாத வழக்கானால், அவரிடமிருந்து பெற்ற இரகசியம் எதுவும் இப்போது பயன்படுமா என்பதே கேள்வி. அவருடைய சொத்து விவரம், சமரசத்துக்கு எந்தத் தொகையில் இறங்கி வருவார் என்ற அறிவு, அழுத்தம் கொடுத்தால் எப்படி நடந்துகொள்வார் என்ற அனுபவம் ஆகியவையும் இதில் எண்ணிப் பார்க்கத் தக்கவை.

புருனே இளவரசர் ஜெஃப்ரி தொடர்ந்த வழக்கில் பிரபுக்கள் சபை 1998 டிசம்பரில் அளித்த தீர்ப்பு இதை விளக்குகிறது. அவருடைய தனிப்பட்ட வழக்கில் உதவி, நிதி விவரங்களை அறிந்திருந்த கணக்கியல் நிறுவனம், பின்னர் அவருக்கு எதிரான விசாரணையில் வேலையை ஏற்று, உள்ளேயே தகவல் தடுப்பு ஏற்பாடுகளைச் செய்தது. வழக்குக்கான உதவி என்பதால் சொலிசிட்டருக்குரிய அதே அளவுகோலை அந்நிறுவனத்துக்கும் பொருத்திய நீதிமன்றம், ஒரே துறைக்குள் அவசரமாக எழுப்பிய தடுப்பு போதாது என்று தடையாணை கொடுத்தது. உறவு முடிந்துவிடலாம், இரகசியம் காக்கும் கடமை முடிவதில்லை என்பது அதன் சாரம். இந்தியாவில் சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவிலும், இப்போது 2023ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 132ஆம் பிரிவிலும், அமர்த்தம் முடிந்த பிறகும் அந்தக் கடமை தொடரும் என்றே இருக்கிறது.

12. நிறுவனத்துக்கு நான் வழக்குரைஞர். இயக்குநர் தனியாக அழைத்து, இது நமக்குள் இருக்கட்டும் என்று ஒன்றைச் சொன்னார். என்ன செய்வது?

அவரைப் பேச விடுவதற்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். கட்சிக்காரர் நிறுவனம், இயக்குநர் அதன் குரல் மட்டுமே. அவருடைய தனி நலன் நிறுவனத்தின் நலனிலிருந்து விலகுவதாகத் தோன்றும்போதே, நான் நிறுவனத்துக்காகச் செயல்படுபவன், நீங்கள் சொல்வதை நிறுவனத்திடம் தெரிவிக்க நேரலாம், உங்களுக்குத் தனி வழக்குரைஞர் தேவைப்படலாம் என்று சொல்ல வேண்டும். உள்விசாரணைகளில் இதைத் தொடக்கத்திலேயே சொல்லிக் குறித்துக்கொள்வது நல்லது. இந்த எச்சரிக்கை இல்லாமல் அவர் பேசிவிட்டால், அவரும் தன்னை உங்கள் கட்சிக்காரராகவே நம்பியிருப்பார். அப்போது நான்காம் பதிலில் சொன்ன கடமை எழக்கூடும்.

13. கட்டணம் கொடுப்பவர் ஒருவர், கட்சிக்காரர் வேறொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

கட்சிக்காரர் சொல்வதை. மகனுக்காகத் தந்தை கொடுத்தாலும், ஊழியருக்காக முதலாளி கொடுத்தாலும், பணம் கொடுப்பதால் வழக்கை நடத்தும் உரிமையோ, இரகசியங்களை அறியும் உரிமையோ வந்துவிடாது. இதைப் பணம் கொடுப்பவரிடம் முதல் நாளே சொல்லி எழுதி வாங்கிவிட்டால் பிறகு வரும் பல சங்கடங்கள் தவிரும்.

14. கட்சிக்காரரோடு சேர்ந்து தொழில் செய்யலாமா? என் உறவினர் நீதிபதியாக இருக்கும் நீதிமன்றத்துக்குப் போகலாமா?

சொந்த நலன் முரண்களில் விதிகள் பெரும்பாலும் நேரடியாகவே பேசுகின்றன. இந்திய விதிகளின்படி, தமக்குப் பண ஆதாயம் உள்ள வழக்கில் வழக்குரைஞர் முன்னிலையாகக் கூடாது (விதி 9). வழக்கின் பலனில் பங்கு பேசக் கூடாது (விதி 20). தாம் நடத்திய வழக்கில் ஏலத்துக்கு வரும் சொத்தை ஏலம் கேட்கக் கூடாது (விதி 22). தாமே சாட்சியாக நேரும் என்று நம்பக் காரணமிருந்தால் அந்த வழக்கை ஏற்கக் கூடாது (விதி 13). பட்டியலிட்ட நெருங்கிய உறவினர் நீதிபதியாக இருந்தால் அவர் முன் தோன்றக் கூடாது (விதி 6). தரப்பினரோடு உள்ள தொடர்புகளைத் தொடக்கத்திலும், வழக்கு நடக்கும் காலத்திலும் கட்சிக்காரருக்கு முழுமையாக, ஒளிவின்றித் தெரிவிக்க வேண்டும் என்று விதி 14 சொல்கிறது.

கட்சிக்காரரோடு கொடுக்கல் வாங்கல் எங்கும் ஆபத்தானது. அவருடைய நிதி நிலையும் பலவீனமும் நமக்குத் தெரியும். அவரோ நாம் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போடப் பழகியவர். அந்த நிலையில் நடக்கும் பேரம் சமமானதாக இருக்க முடியாது.

15. வேறு அலுவலகத்துக்கு மாறப் போகிறேன். பழைய அலுவலகத்தின் வழக்குகள் என்னைத் தொடருமா?

தொடரும், புதிய அலுவலகத்தையும் சேர்த்துத் தொடரும். கனடா உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்த்த வழக்கில், ஒரு தரப்புக்காகக் கேஸ் கட்டில் வேலை செய்த ஜூனியர், பின்னர் எதிர்த்தரப்புக்கு நிற்கும் நிறுவனத்தில் சேர்ந்தார். அந்த வழக்கைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை என்று வழக்குரைஞர்கள் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தும் போதவில்லை; அந்நிறுவனம் விலக்கப்பட்டது. பார்க்கும் பொதுமகன் நம்பும்படியான ஏற்பாடு இருந்ததா என்பதே அளவுகோல்.

ஆகவே சேருவதற்கு முன்பே, இரகசியம் வெளிப்படாத அளவில் வழக்குத் தரப்பினரின் பெயர்களை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். முரண் தெரிந்தால், சேரும் நாளுக்கு முன்பே எழுத்து மூலமான தடுப்பு அமைய வேண்டும்: அந்தக் கட்டும் கணினிக் கோப்பும் அவருக்கு எட்டக் கூடாது, அந்த வழக்கின் கட்டணத்தில் அவருக்குப் பங்கு கூடாது, பழைய கட்சிக்காரருக்கு அறிவிப்பு போக வேண்டும். அமெரிக்க மாதிரி விதிகள் 2009 முதல் இந்த வழியை ஏற்கின்றன.

16. வழக்கின் நடுவில்தான் முரண் தெரிய வந்தது. ஒருவரை மட்டும் விட்டுவிட்டு மற்றவருக்குத் தொடரலாமா?

பொதுவாக முடியாது. விட்டுவிட்டவர் அந்த நிமிடமே பழைய கட்சிக்காரர் ஆகிவிடுகிறார். பதினொன்றாம் பதிலில் சொன்ன தடை, அதே வழக்கு என்பதால் முழு வலிமையோடு வந்து நிற்கும். அதிக ஆதாயம் தரும் கட்சிக்காரரை வைத்துக்கொள்வதற்காக மற்றவரை உதறி, அவரைப் பழைய கட்சிக்காரர் ஆக்கிவிடும் உத்தியையும் நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. பெரும்பாலும் இருவரிடமிருந்தும் விலக வேண்டியிருக்கும்.

தெரிந்த உடனே அந்த விஷயத்தில் புதிய நடவடிக்கை எதையும் எடுக்காமல், காலக்கெடு தவறிவிடாதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களைவிட அனுபவமுள்ள, வழக்கோடு தொடர்பில்லாத ஒருவரிடம் பெயர்களைச் சொல்லாமல் கலந்து பேசுங்கள். பிறகு கட்சிக்காரருக்கு எழுத்தில் தெரிவித்து, நியாயமான அவகாசம் கொடுத்து, தேவைப்படும் இடத்தில் நீதிமன்ற அனுமதி பெற்று விலகுங்கள். செய்யாத வேலைக்கான கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து, கட்டுகளைத் தாமதமின்றிப் புதிய வழக்குரைஞரிடம் சேர்ப்பியுங்கள்.

17. ஒரே சட்டக் கேள்வியில் ஒரு நீதிமன்றத்தில் ஒரு விதமாகவும் வேறொன்றில் எதிர்மாறாகவும் வாதிடலாமா?

பொதுவாகத் தடையில்லை, வழக்குரைஞர் பேசுவது தம் கருத்தை அன்று, கட்சிக்காரரின் வாதத்தை. ஆனால் ஒன்றில் வரும் தீர்ப்பு மற்றொன்றைக் கட்டுப்படுத்தக்கூடிய முன்னுதாரணமாகும் என்றால், நாம் பெறும் வெற்றியே நம் இன்னொரு கட்சிக்காரரைத் தோற்கடித்துவிடும். இரண்டும் ஒரே மேல்நீதிமன்றத்தை நோக்கிப் போகின்றனவா என்று பார்த்து, அப்படியானால் ஆறாம் பதிலின்படி இருவரிடமும் பேசுங்கள்.

18. எனக்கு முரண் இருப்பதாக எதிர்த்தரப்பு திடீரென்று மனுப் போட்டிருக்கிறது. வழக்கை இழுத்தடிக்கத்தான் செய்கிறார்கள். எப்படி எதிர்கொள்வது?

அப்படியும் நடக்கிறது. நல்ல வழக்குரைஞரை விலக்கினால் எதிரி பலவீனமாவான் என்று கணக்குப் போடுபவர்கள் இருக்கிறார்கள். நீதிமன்றங்களுக்கும் இது தெரியும். முரண் பற்றி எப்போதோ அறிந்திருந்தும் விசாரணை நெருங்கும்வரை காத்திருந்து மனுச் செய்பவரின் நோக்கத்தை அவை ஐயத்தோடு பார்க்கின்றன. கட்சிக்காரர் தாம் விரும்பிய வழக்குரைஞரை வைத்துக்கொள்ளும் உரிமையும் தராசில் ஏறும்.

ஆனாலும் மனுவைக் கண்ட கோபத்தில் பதிலுரை எழுத உட்காராதீர்கள். முதலில், குற்றச்சாட்டு உண்மையாக இருக்கக்கூடுமா என்று இரண்டாம் பதிலின் கேள்விகளைக் கொண்டு மீண்டும் சோதியுங்கள். உங்கள் பதவியைக் காக்க வாதிடும் அந்த நேரத்தில் உங்கள் நலனும் கட்சிக்காரரின் நலனும் வேறுபடலாம் என்பதால், அவர் இதைத் தனியாக வேறொருவரிடம் கேட்டு முடிவெடுக்க வாய்ப்புக் கொடுங்கள். அவர் நீங்களே தொடர வேண்டும் என்று முடிவெடுத்தால், பதிவேட்டைப் பார்த்த தேதிக் குறிப்பு, நீங்கள் அனுப்பிய வெளிப்படுத்தல் கடிதம், அவருடைய எழுத்துமூல ஒப்புதல் ஆகியவற்றோடு பதிலுரையைத் தாக்கல் செய்யுங்கள். அவற்றில் இரகசியத் தகவல் இருக்கும் பகுதிகளை மறைத்தே தாக்கல் செய்ய வேண்டும், தேவையெனில் நீதிபதி மட்டும் பார்க்கும்படி அளிக்க அனுமதி கோரலாம்.